ஏழாம் கேள்வி

மன்னார்குடிக் கல்லூரியில்
நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் எண்ணினேன்.
தடுப்பூசி அவசியமா?
ஆம், ஆம், ஆம்.
முதல்வருடையது பச்சை மையில்.
ஏழாவது: போட்டாயிற்றா?
அங்கே பேனாக்கள் வற்றிவிட்டன.

தலைமடையில் தளும்பும் தண்ணீர்
கடைமடைக்கு வராத கதை
எங்களுக்குப் புதிதில்லை.

நுண்ணுயிரியல் தவச்செல்வன் சார்
எதிர்ப்பொருளைக் கவட்டை போல வரைகிறவர்.
அவர் படிவத்தில், காரணம்:
‘ஊசி.’
சிரித்தேன்.
ஹாஜிரா சிரிக்கவில்லை.
“உன்னோடது எங்கடி?”

என் பையில்தான்,
நீடாமங்கலம் பஸ் டிக்கெட்டோடு மடிந்து.
கேள்விகளை எழுதியவளே நான்.

முகாம் நாலு மணி வரை.
மூன்று ஐம்பத்தைந்துக்கு ஓடினேன்.
வரிசையில் எனக்கு முன்னால் ஒரே ஆள்:
சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டி,
கண்ணை இறுக்க மூடி
முணுமுணுத்துக்கொண்டிருந்தார்,
‘கவட்டை, கவட்டை.’