விளக்குக்கு முக்காடு

எனிட் பாரில் அவர்களே,
படத்தில் உங்கள் அப்பா
சரியாக வண்டியின் பெயரை மறைத்துக்கொண்டு நிற்கிறார்.
எல்லாப் படத்திலும் இப்படி ஒருவர் வாய்க்கிறார் எனக்கு.
கிரிம்ஸ்பி மீன்துறையில் முப்பது வருஷம்
லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்தவன்,
முகம் படிக்கத் தெரியாது.

சக்கரத்து நட்டுகளை எண்ணினேன். ஐந்து.
ஆறாவது அவருடைய முழங்காலுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.
பானெட்டின் பக்கவாட்டில் வரிசையாகக் கீறல்கள்,
மீன் வண்டிக்குச் செவுள்!
பெட்ஃபோர்டு என்றுதான் படுகிறது.
முப்பத்தைந்து, மிஞ்சினால் முப்பத்தாறு.

ஆனால் வண்டி பிறந்த வருஷம் வேறு,
படம் பிறந்த வருஷம் வேறு.
லென்ஸைக் கொஞ்சம் நகர்த்தினேன்.
மட்கார்டு ஓரத்தில் வெள்ளைப் பூச்சு.
விளக்குக்கு முக்காடு,
நடுவில் ஒரு கீற்று மட்டும் திறந்து.
இருட்டடிப்புக் காலம்.
முப்பத்தொன்பது செப்டம்பருக்கு முன்னால்
அப்படிப் பூச யாருக்கும் காரணமில்லை.

முப்பத்தெட்டிலேயே அவரைக் கடல் கொண்டதாக
அம்மா சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள்.

எனக்கு வண்டி மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று.
பானெட்மேல் உள்ளங்கையை
முழுசாகப் பதித்திருக்கிறார்.
எஞ்சினில் சூடில்லை.
அவர் இன்னும் கிளம்பவில்லை.