ரெங்கசாமி அன் சன்ஸ்

திங்கள் காலை பீலியில் தண்ணீர் வரவில்லை.
பெரட்டுக்கு இன்னும் அரை மணி.
குடங்களும் பெயின்ட் வாளிகளும்
வாய் திறந்து வரிசையில் நின்றன.

மேல் லயத்தார் வேலை என்றார்கள் கீழ் லயத்தில்.
மேல் லயத்தில் கேட்டால்
பங்களாவைக் காட்டினார்கள்.
பங்களா வாட்சர் கை நீட்டியது
வான் பிடித்து அருவி பார்க்க வரும் கொழும்பாரை.
தண்ணீர் இறங்கும் வழியில்
குற்றம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

அதன் பின்னால் நாங்களும் ஏறினோம்:
நான், யோகமலர், குழாய் திருத்தும் பெனடிக்.
அரைப்பேர்தான் போடுவேன் என்றார் கங்காணி.

ஓடையின் வளைவுக்கு வளைவு
லன்ச் சீட், யோகட் கோப்பை, ஷாம்பூ பக்கட்.
பிரிந்த உர பேக்கின் வெள்ளை நார்
வேர்களில் நரையாகத் தொங்கியது.
ஒற்றைச் செருப்பில் தேங்கிய நீரில்
தலைப்பிரட்டைகள்.
அதை மட்டும் பெனடிக் எடுக்கவில்லை.
"குடியிருக்கிறாங்க" என்றான்,
"நம்மளப் போலத்தான், உறுதி இல்லாம."

ஏழாம் நம்பர் மலை தாண்டி
தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில்
ஒரு மரை செத்துக் கிடந்தது.
மூன்று வாரம் இருக்கும்.
மழையும் பன்றியும் தின்றது போக
மிச்சம் விலாக்கூடு.
கூட்டின் நடுவே
பன்றியும் சீண்டாத ஒரு பந்து.

யோகமலர் குச்சியால் பிரித்தாள்,
கொழுந்தில் கரட்டிலை பொறுக்குகிற அதே பொறுமையோடு.
மஞ்சள். பச்சை. இன்னொரு மஞ்சள்.
பிறகு சிவப்பு, அதில் எழுத்து:
ரெங்கசாமி அன் சன்ஸ், பலசரக்கு.

ரெங்கசாமி செத்து நாலு வருசம்.
சன்ஸில் ஒருவன் கட்டாரில், ஒருவன் வத்தளையில்.
கடை இருந்த இடத்தில் இப்போது ரீலோட் போடுகிறார்கள்.
எங்கள் கடன் எழுதிய கொப்பிகள்
கூரை ஒழுகிக் கரைந்தன.
புதைத்த மேட்டில் நட்ட பலகையைக் கறையான் தின்றது.
பெயர் இங்கே இருந்தது,
மரையின் வயிற்றில்,
ஓர் எழுத்தும் அழியாமல்.

கொழும்பார் யாரும் ரெங்கசாமி கடையில்
சாமான் வாங்கியதில்லை.
துரையும் வாங்கியதில்லை.
இங்கிருந்து நூறு அடி மேலே முனியாண்டி கல்,
ஆடிக்கு ஆடி நாங்கள் ஏறுகிற கல்.
சுண்டல் கட்டிக்கொண்டு போன பை அது.
தின்று முடித்ததும் உப்பு ஒட்டியிருந்த பை.
மரைக்கு உப்பென்றால் உயிர்.

யார் வீட்டுச் சுண்டல் என்று
இரண்டு பேரும் கேட்கவில்லை.
நான் மனதுக்குள் வருசத்தை எண்ணினேன்.
கடை மூடுவதற்கு முந்திய ஆடி,
சுண்டல் எங்கள் வீட்டு முறை.

இறங்கும்போது பெனடிக்
தோள்வரை கைவிட்டுக் குழாயை அடைத்ததை இழுத்தான்.
குழாய் இரண்டு தடவை இருமி
செம்மண்ணைத் துப்பியது.

ஐந்து சாக்கு நிறைந்தது.
பிரதேச சபை லொறி டவுணோடு திரும்பிவிடும்.
எரித்தால் புகை பிள்ளைக்காம்பராவுக்குள் போகும்.
புதைத்தால் அடுத்த மண்சரிவு
தோண்டிக் கொடுத்துவிடும்.
கல் ஏற்றி வைத்திருக்கிறேன்,
இன்னும் என் வாசலில்தான்.

இந்த ஆடிக்கு
மலையேறும் பாதையின் வாயில்
யோகமலர் வெறுங்கூடையோடு நின்றாள்.
பை என்றால் கூடைக்குள், வட்டா என்றால் மேலே.
பெரிய சண்டை. இரண்டு குடும்பம் பாதியில் திரும்பியது.
சாமியாடி மட்டும் அருள் வந்த நிலையிலேயே
மடியை உதறிக் காட்டிவிட்டு ஏறினார்.

இன்று பீலியில் தண்ணீர் தெளிவு.
இது ஆக்ரா ஓயாவில் விழுந்து
கொத்மலையில் தேங்கி, மகாவலியாகி
மூதூர்ப் பக்கம் கடலில் சேருமாம்.
அந்த ஆடியில் மலையேறியது ஒரு பை அல்ல.
மற்றவை எங்கே என்று தெரியாது.

மூதூரில் வலை இழுக்கிறவரே,
மீனுக்கு நடுவே சிவப்பாய் ஒன்று வந்தால்
விரித்து வாசியுங்கள்.
ரெங்கசாமியைத் திட்ட வேண்டாம்.
சன்ஸைத் தேட வேண்டாம்.
கீழ் லயம், நாலாம் காம்பரா.
நான் இருக்கிறேன்.