தரச் சோதனை

ஜேக்கப்ஸில் எங்கள் தையல் வரிசைக்கு
இரண்டே இரண்டு பித்தளை வில்லைகள்.
கழிப்பறைக்குப் போகிறவள்
ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும்.
நாற்பத்திரண்டு பேர் நாங்கள்.
வில்லை திரும்பி வரும்வரை
தொடையை இறுக்கிக்கொண்டு
பள்ளிச் சட்டைக்குக் காலர் வைப்போம்.
"சத்யா, அணை உடையப் போகுது, வழி விடு"
என்று தோகோசிலே ஓடுவாள்.

பத்தொன்பது வருடம் அடக்கினேன்.
நடுவில் மூன்று பிள்ளைகள்.
பிறகு உடம்பு
தும்மலுக்கும் சிரிப்புக்கும் கணக்குக் கேட்டது.
ஒரு தைப்பூசம்.
கிருபா காவடியோடு முன்னே போக
அரோகரா என்று வாய் திறந்தேன்,
மஞ்சள் சேலை
முழங்கால் வரை நனைந்தது.

"ஒரு டேப் வைக்கலாம்," என்றார் டாக்டர்,
"உள்ளே இருந்து தாங்கும். இருபது நிமிட வேலை."
வீட்டில் மாமியாரிடம் சொல்லும்போது
நாடா என்றேன்.
நாடா என்றதும் பயம் போய்விட்டது.
பாவாடையில் கோர்ப்பதுதானே,
இறுக்கினால் அவிழ்த்துக்கொள்ளலாம்.

இரண்டு வருடம் ராஜாத்தி மாதிரி தும்மினேன்.

மூன்றாம் வருடம் தாரை மெலிந்தது.
கயிறு, பிறகு நூல்,
பிறகு ஊசியில் கோர்க்க முடியாத நூல்.
வெள்ளத்துக்குப் பிறகு சாட்ஸ்வர்த்தில்
குழாய்கள் காற்றை மட்டும் துப்பிய மாதங்களில்
வாளியோடு லாரிக்கு வரிசையில் நின்றபடி
நினைத்துக்கொள்வேன்:
உள்ளேயும் இதே கதைதான்.
கதவுக்கு வெளியே கிருபா
இரண்டு முறை இருமுவான். அவசரம் அவனுக்கு.
எனக்கும்தான். வரவில்லையே.

"வயசு," என்றார்கள்.
"சர்க்கரை இருக்கலாம்."
ஒருவர் மனசு என்றார்.
மனசு அவ்வளவு கீழேயா இருக்கிறது?

ஒன்பதாம் வருடம் டாக்டர் ம்ட்ஷாலி
கேமரா விட்டுப் பார்த்தாள்.
பேசாமல் திரையை என் பக்கம் திருப்பினாள்.
வழியை அறுத்துக்கொண்டு
உள்ளே எட்டிப் பார்த்தது நாடா,
ஓரம் பிரிந்து, நீலமாக.
சுற்றிலும் சதை ஆறி, கிழிந்து,
மறுபடி ஆறிக்
காய்ப்புக் காய்த்திருந்தது.

வெட்டி எடுத்ததைக் காட்டச் சொன்னேன்.
தயங்கினாள். குப்பியில் வந்தது,
என் சுண்டுவிரல் நீளம்.
கடைசி ஆறு வருடம்
தரம் பார்க்கிற மேசையில் இருந்தவள் நான்.
ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை,
சந்தேகம் வந்தால் சிவப்பு ஒட்டு.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
நெய்தது இல்லை, பின்னியது.
ஓரம் மடிக்கவில்லை.
இழுத்தால் சுருண்டு கயிறாகிற துணி.
"டாக்டர், இதை நான்
பெட்டியில் ஏற்ற விட்டிருக்க மாட்டேன்."
அவள் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

சுருக்கு நூலை உருவிவிட்டாலும்
இஸ்திரி படும்வரை
துணி சுருங்கியேதான் கிடக்கும்.
சதைக்கு ஏது இஸ்திரி.
தினம் காலை, கழுவிய கையோடு
மெல்லிய குழாய் ஒன்றை
நானே உள்ளே செலுத்தி
மூடப் பார்க்கும் வழியைத் திறந்து வைக்கிறேன்.
முதல் வாரம் அழுதேன்.
இப்போது ரேடியோவில் வானிலை கேட்டுக்கொண்டே
முடித்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை பங்களாதேஷ் சந்தையில்
தோகோசிலே அவகாடோ விற்கிறாள்.
மூக்குக் கண்ணாடிக் கூட்டில்
நான் குழாய் கொண்டுபோவது
அவளுக்கு மட்டும் தெரியும்.
கூட்டத்தைத் தாண்டிக் கத்துகிறாள்:
"சத்யா! வில்லை கிடைச்சுதா?"

கண்ணாடிக் கூட்டைத் தூக்கிக் காட்டுகிறேன்.
பழம் பொறுக்கிய ஒருவர்
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார்.
சிரிக்கிறோம்,
நான் கொஞ்சம் ஜாக்கிரதையாக.
நாடா போய்விட்டதே, மறுபடி ஒழுகுகிறது.