நெதர்லாந்தில் அடுப்பு, பெல்ஜியத்தில் கட்டில்

சனிக்கிழமை இரண்டரைக்கு
கிண்ணியாப் பாலம் தாண்டி ஸ்கூட்டியில் வருவாள் றிஸ்மியா.
கைப்பைக்குள் ஒரு துண்டு தொதல்.
ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இருபத்தாறு வருடம்
பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் இருந்து
ஊராரின் இரத்தத்தை எண்ணியவர்கள் நாங்கள்.
இப்போது ரயில் நேரங்களை எண்ணுகிறோம்.

சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போன்.
என்னுடைய டேட்டா முடிய அவளுடையது,
அதுவும் முடிய மதிலுக்கு அந்தப் பக்கத்து லவனின் வைஃபை.
கடவுச்சொல் அவன் நாயின் பெயர்.

லிஸ்பனில் ஒரு விடுதியை
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் புகழ்ந்திருக்கிறார்கள்.
நாங்கள் திட்டியவர்களை மட்டும் வாசிப்போம்.
‘படிகள் அதிகம்’ என்று எழுதிய முகமறியாப் பெண்ணே,
உன் முழங்காலுக்கு நன்றி.
எங்கள் நான்கும் தப்பின.

எங்கள் கடலுக்கும் ஒருவன் மார்க் போட்டிருக்கிறான்:
‘உப்புவெளி. அலையே இல்லை. காகங்கள் கூட. மூன்று நட்சத்திரம்.’
றிஸ்மியா பதில் எழுதப் போனாள்.
விசா கிடைக்கட்டும் முதலில் என்று கையைப் பிடித்தேன்.

ஒரு கோப்பை கோப்பி, அரைக்கிலோ அறக்குளா.
ஜூனில் சூரியன் பத்து மணிக்குத்தான் இறங்குமாம்.
மஃரிபுக்கு அதுவரை முழிச்சிருக்க வேணுமே என்றாள்.
ஈபிள் கோபுரம் பட்டியலில் இருந்தது.
பிறகு எடுத்துவிட்டோம்,
ஏனென்றால்
ஒரு நள்ளிரவு அவள் ஓர் ஊரை அனுப்பினாள்.

பார்லே.
நடைபாதையில், கடைக்குள்ளே,
யாரோ ஒருவரின் வாசற்கதவுக்கு நடுவே
வெள்ளைச் சிலுவைகளால் கீறிய எல்லை.
இந்தப் பக்கம் நெதர்லாந்து, அந்தப் பக்கம் பெல்ஜியம்.
அடுப்பு ஒரு நாட்டில், கட்டில் இன்னொன்றில்.
கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்:
அங்க ஐசி பாக்கிறது ஆர்?
தேடித் தேடி வாசித்து
விடியப்புறம் பதில் போட்டேன்.
ஒருத்தருமில்லை.

பாலம் இல்லாத காலத்தில், துறையடி வரிசையில்,
அவள் கொண்டுவந்த ஐஸ் பெட்டியைத் திறந்து
இது யாருடைய இரத்தம் என்று கேட்டான் ஒருவன்.
பெயர்ப் பட்டியலைக் கொடுத்தாள்.
முத்துலிங்கம், ஹயாத்தும்மா, சோமாவதி,
இன்னும் பதினொரு பேர்.
அவன் மெதுவாக வாசித்தான்.
ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

வரைபடத்தின் மூலையில் நிற்கும் மஞ்சள் பொம்மையைத் தூக்கி
பார்லேயின் தெருவில் போட்டோம்.
சிலுவைகளின் மேலே நடந்தோம்,
பேக்கரி வரை, பச்சைக் கதவு வரை,
சைக்கிளில் ஒரு கிழவர், முகம் கலைக்கப்பட்டவர், வரை.
பிறகு அவள் சொன்னாள்,
உங்கட ஒழுங்கையில போடு பாப்பம்.

போட்டேன்.
கேற்றடியில் ஒரு ஹவுஸ்கோட், கையில் விளக்குமாறு.
முகம் இருக்கவேண்டிய இடத்தில் புகை.
பக்கத்தில் கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
குப்பைப் பையை மென்றுகொண்டு நின்றது.
அதன் முகத்தையும் கலைத்திருந்தார்கள்.
அதுக்கும் ஐசி இல்லப் போல என்று
றிஸ்மியா சிரித்த சிரிப்பில்
சீனிப் போத்தல் சரிந்து
ஐரோப்பா குப்புற விழுந்தது.

படிவம் கேட்கிறது:
ஒவ்வோர் இரவும் எங்கே உறங்குவீர்கள்?
பதினான்கு இரவுக்கும் எழுதினோம்.
பிரேடாவில் இறங்கி பஸ் எடுக்கும் நேரத்தைக்கூட எழுதினோம்,
அதை அவர்கள் கேட்கவில்லை.
திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?
என்ர வீட்டில ஏழு பூனை இருக்கெண்டு எழுதன் என்றாள்.
வங்கிப் புத்தகத்தை இணைத்தேன்.
பூனைகளையும் இணைக்க ஓரிடம் இருந்திருக்கலாம்.

நேர்முகத்துக்கு நாள் எடுக்கும் பக்கம்
மூன்று கிழமையாக ஒன்றையே சொல்கிறது:
இடமில்லை, பிறகு முயலுங்கள்.
இரவு இரண்டு மணிக்குத் திறக்கும் என்கிறான் லவன்.
முறை வைத்திருக்கிறோம்.
திங்கள் நான், செவ்வாய் அவள்.
நைட் டியூட்டி பழகிய கண்கள்தானே.

வெயில் தாழ ஹெல்மெட்டை மாட்டினாள்.
பார்லேயில் நாளைக்கு மழையாம் என்றேன்,
போனைப் பார்த்தபடி.
அவள் ஸ்கூட்டியை உதைத்துக் கிளம்பிய பிறகு
கொடியில் காய்ந்த துணிகளை
ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துவைத்தேன்.