ஆறணா பாக்கி

தொண்ணூறாம் ஆண்டு மலருக்கு
வாழ்த்துப்பா ஒன்று வேண்டுமென்றார் சின்ன முதலாளி.
நீங்கதான் எழுதுவீங்களே கோதண்டபாணி,
ஒரு பக்கம் போதும், படத்துக்குக் கீழே வரும்.

படத்தில் தய்யபலி சேட்டு
ஜரிகைத் தொப்பியோடு
யாரோ கடன் கேட்டதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
வள்ளல் என்று தொடங்கினேன். அடித்தேன்.
வணிக வேந்தர். அதையும்.
முப்பத்தொரு வருஷம் பற்றுவரவு எழுதிய கைக்குக்
கூட்டி எழுத வரவில்லை.

ஆகவே உள்ளபடி.

வெண்ணாறு உடைப்பெடுத்த வருஷம்
சித்பூரிலிருந்து வந்து
நீடாமங்கலம் ஜங்ஷனில் இறங்கினார்.
ஒரு தகரப் பெட்டி. உள்ளே ஆணி, கீல், கொண்டி,
அரிக்கேன் விளக்குத் திரி.
தெரிந்த தமிழ் இரண்டு வார்த்தை: என்ன, விலை.
ரயிலடிக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே
மார்பளவு தண்ணீர்.

பெயர் சொல்லாத ஒருவன்
பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னே நடந்தான்.
இவர் அவன் தோளைப் பிடித்தபடி பின்னே.
மேடேறிச் சில்லறை எண்ணி நிமிர்வதற்குள்
ஆளைக் காணோம்.
அடுத்த பெட்டிக்குப் போயிருக்கலாம்.
போயே போயிருக்கலாம்.

முதல் பேரேட்டின் முதல் வரி அதுதான்:
பெட்டி சுமந்த கூலி, ஆறணா, கொடுக்க வேண்டியது.

சேட்டு வலமிருந்து இடம் எழுதுவார்.
என் அப்பா இடமிருந்து வலம்.
ஒரே பக்கத்தின் ஒரு மூலையில் 786,
மறு மூலையில் பிள்ளையார் சுழி.
நடுவில் எங்கோ
இரண்டு கணக்கும் முட்டிக்கொண்டால்
அன்றைக்குப் பைசா சரி.

ஆற்றில் தண்ணீர் வந்தபோது மண்வெட்டி விற்றது,
கொழு, கதிர் அரிவாள், வண்டிப் பட்டை.
வராதபோது ஆயில் இன்ஜின்.
வரவே வராதபோது நீர்மூழ்கி மோட்டார்.
நூறடி, இருநூறடி, முந்நூறடி,
குழாய் இறங்க இறங்க
வீடு மாடி ஏறியது.
தப்பென்று சொல்லவில்லை. வரிசையைச் சொல்கிறேன்.

மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிவதுபோல்
மகன்கள் மூவருக்கும் பிரித்தார்.
மன்னார்குடிக் கடை ஒருவருக்கு,
திருத்துறைப்பூண்டி ஒருவருக்கு, மூத்தவருக்கு இது.
மதகுச் சாவி மட்டும்
சாகும்வரை அவர் இடுப்பில்.

பேரன் காலத்தில், சம்பா கருகிய ஒரு வருஷம்
மூன்று தவணை நின்றதற்காகப்
பூவனூரில் ஒரு மோட்டாரைக் கழற்றினோம்.
வேனில் நானும் இருந்தேன், ரசீதுப் புத்தகத்தோடு.
நட்டு துருவேறி இறுகியிருந்தது.
அந்த வீட்டுக்காரரே உள்ளே போய்
பெரிய ஸ்பேனராக எடுத்து வந்து கொடுத்தார்.
மலரில் இது வராது.

அணா போய் நயா பைசா வந்தபோது
ஆறணா முப்பத்தேழரை ஆனது.
அரையை யார் பக்கம் வைப்பதென்று அப்பா கேட்டிருக்கிறார்.
அவன் பக்கம் என்றாராம் சேட்டு.
அன்றிலிருந்து முப்பத்தெட்டு,
ஒவ்வொரு புதுக் கணக்கிலும் முதல் வரியாக.
அவர்கள் மார்க்கத்தில் வட்டி கிடையாது.
ஒரு ராத்திரி நான் பென்சிலால் போட்டுப் பார்த்தேன்.
அழித்துவிட்டேன்.

போன மாதம் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியது.
ஆடிட்டர் ஆபீஸ் பெண் சொன்னாள்:
ரவுண்ட் ஆஃப் போட்டா பூஜ்யம் சார், எடுத்துடலாமா?
சின்ன முதலாளி செல்போனைப் பார்த்தபடியே
தலையாட்டினார்.
எந்தப் பக்கம் ஆட்டினார் என்று சொல்ல முடியாது.

பெயர் இல்லாமல் கணக்குத் திறக்காதாம் அந்தப் பெட்டி.
கட்டம் சிவப்பாகத் துடித்தது.
அவள் டீ குடிக்கப் போனபோது
ஒரு விரலால் தட்டினேன்:
தண்ணீரில் முன்னே நடந்தவர்.
இடம் போதாமல்
தண்ணீரில் முன்
என்பதோடு நின்றுவிட்டது.
இருக்கட்டும் என்று சேமித்தேன்.

வாழ்த்துப்பாவுக்கு
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.