பத்துக் கிலோ பொன்னி

ஷார்ஜாவிலிருந்து கொழுந்தன் கொண்டுவந்தது,
அட்டைப்பெட்டிக்குள் ஒரு சின்னச் சிம்மாசனம்.
விளக்கப் புத்தகம் மட்டும்
விமான எடைக்குப் பயந்து அங்கேயே நின்றுவிட்டது.

"முன்னாடி பார்த்துதான் உக்காரணும்,
பின்னாடின்னா வாந்தி" என்றார்,
இன்னும் கல்யாணமாகாத கொழுந்தன்.
லெட்சுமாங்குடி மெக்கானிக் பன்னீர்,
"டக்குன்னு சத்தம் வந்துச்சுல்ல, போதும்."
சத்தம் வந்தது கதவிலிருந்து.
வைக்கோல் லாரிக்காரர் கயிறு தந்தார்,
கூடவே ஒரு முடிச்சும்.
மாமிக்கு ஒரே கேள்வி:
"மடி இருக்கையில இது எதுக்கு?"

எல்லாருக்கும் தலையாட்டினேன்.
இருட்டினதும்
பத்துக் கிலோ பொன்னியை
ரிஸ்வானின் இடத்தில் உட்காரவைத்து
வாரைப் பூட்டி
வெண்ணாற்றுப் பாலம் தாண்டி
ஆளில்லாத ரோட்டில்
ஒரே மிதி.

சிம்மாசனத்தோடு கவிழ்ந்து
மூட்டை கிழிந்து
அரிசி கியர் வரைக்கும் வந்தது.

அங்கேயே நிறுத்தினேன்.
கிழிந்த வாயை லாரிக்காரர் முடிச்சால் கட்டினேன்
(அதற்கு அது உதவியது).
டார்ச் எரியும் செல்போனைப் பல்லில் கவ்வி,
இருக்கையைப் பின்பக்கம் திருப்பி,
முழங்காலை ஊன்றி
பிரசவத்துக்குப் பின் குறையாத என் எடை முழுவதையும் போட்டு
பெல்ட்டை இழுத்தேன், இழுத்தேன்.
ஆட்டிப் பார்த்தால்
விரற்கடைகூட நகரவில்லை.

மறுபடி மிதித்தேன்.
மூட்டை
வந்த வழியைப் பார்த்தபடி
சும்மா இருந்தது.

மிதியடிக்குக் கீழே இன்னும் அரிசி கிடைக்கிறது.
நேற்று ஆஸ்பத்திரி வாசலில்
கைக்குழந்தையோடு ஒரு பெண்,
"இதை எப்படிக்கா மாட்டுறது?"

வாயைத் திறந்தேன். மூடினேன்.
"வீட்ல அரிசி இருக்கா?" என்றேன்.