குழிக் கணக்கு

வழக்கு இலக்கம் சொல்லமாட்டேன், இன்னும் நடக்கிறது.
வண்ணார்பண்ணைப் பக்கம் ஒரு வேலி.
இந்தப்பக்கம் என் கட்சிக்காரி,
அந்தப்பக்கம் அவளுடைய மச்சாள்.
நடுவில் நிற்கும் கிளுவை
வருசத்துக்கு ஒரு சாண் நடக்கிறது என்பதுதான்
இருதரப்பும் ஒப்புக்கொண்ட ஒரே விடயம்.

பழைய பதிவைப் பார்த்துவரச் சொன்னார் நீதிபதி.
பார்த்தேன்.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு, ஆவணி.
பரப்பு மூன்று, குழி
என்ற சொல்லுக்குப் பிறகு
ஒரு குழி.

ஓட்டை. கறையானுடையதல்ல,
கறையான் இவ்வளவு அழகாகத் தின்னாது.
மேலே ஒரு நெட்டைத் தொப்பி,
ஒரு காது, காதோரம் கிருதாவின் நாலு சுருள்,
தேங்காயளவு தலைக்குக் கீழே
தீக்குச்சி உடம்பு, சப்பாத்து இரண்டு.
மூக்கு இருக்கவேண்டிய இடத்தில்
அடுத்த பக்கத்து எழுத்து எட்டிப்பார்க்கிறது.

அடியில் ஒப்பம்:
க. நன்னித்தம்பி, பிரதி எழுதுவோன்.
மிச்சம் என் ஊகம்.
சட்டத்தரணிக்கு ஊகம் ஆகாது, தெரியும்.
இது மனு அல்ல.

லண்டன் வேடிக்கைப் பத்திரிகை
கொழும்புக்குக் கப்பலில், இங்கே தோணியில்,
துரையின் மேசைக்கு மூன்று மாதம் பிந்தி வரும்.
துரை சிரித்து முடித்ததும் குசினிக்குப் போகும்.
குசினிக்காரன் சூசைமுத்து
சுருட்டுக்கு ஒரு தாள் என்று விற்றிருப்பான்.

நன்னித்தம்பி விளக்கடியில் விரிக்கிறான்.
கோடு, கோடு, கோட்டுக்குக் குறுக்கே கோடு.
நிழலை இப்படி நெய்யலாமென்று
அன்றைக்குத்தான் கண்டான்.
மந்திரிமார் எல்லாருக்கும் பெருந்தலை, கொக்குக்கால்.
மூலையில் தலைப்பாகையோடு ஒருத்தன்,
உதடு வீங்கி, கண் பிதுங்கி,
முகம் முழுக்கக் குறுக்குக்கோடு.
கீழே ஒரு வரிப் பகிடி.
அகராதியை மூன்று தரம் புரட்டினான்.
எல்லாச் சொல்லும் கிடைத்தது,
சிரிப்புத்தான் கிடைக்கவில்லை.
நாலாம் தரம் விளங்கிற்று,
பகிடி தான்தான் என்று.

இன்னொன்றும் கண்டான்.
துரைமார் முகத்தில் கோடே இல்லை.
தாள் வெள்ளை, ஆகவே அவர்களும் வெள்ளை.
செலவில்லாத நிறம்.

மறுநாள் கச்சேரியில்
உருக்கு முனையை அரசாங்க மையில் தோய்த்து
பரப்பும் குழியும் பிழையில்லாமல் எழுதி முடித்து
ஓரத்தில் துரையை வைத்தான்.
கிருதாவுக்கு நாற்பது கோடு, கன்னத்துக்கு நூறு.
மூக்கு ஓரத்துக்குள் அடங்கவில்லை,
குழிக் கணக்கின் மேலேறிப் படுத்தது.
அதற்கும் குறுக்கு, குறுக்குக்கு மறுகுறுக்கு,
மை பளபளக்கும்வரை.
முன்னால் கைகட்டி நிற்கும் பிரதி எழுதுவோனை மட்டும்
ஒரே கோட்டில் சுற்றி
உள்ளே ஒன்றும் இடாமல் விட்டான்.

அந்த மையில் இரும்பு உண்டு,
மாசிக்காயின் துவர்ப்பும் உண்டு.
தடிப்பாக இட்ட இடத்தை
நெருப்பில்லாமல் எரித்துக்கொண்டே இருக்குமாம்,
சுவடிக் காப்பகத்துப் பிள்ளை சொன்னாள்.
நூற்றைம்பது வருசம்
எரித்துக்கொண்டே இருந்திருக்கிறது,
வேறு நெருப்புகள் இந்த ஊருக்கு வந்த காலத்திலும்.

துரையின் முகம் போய்விட்டது.
நூறு கோடும் பொடி.
தொப்பி மிச்சம், சப்பாத்து மிச்சம்.
பிரதி எழுதுவோன் நிற்கிறான் வெறுந்தாளாக,
வாய் ஒருபக்கம் கொஞ்சம் கோணி.

நல்ல தீர்ப்பு என்று எழுதக் கை போகிறது.
பொறு.
மூக்கோடு போனது என் கட்சிக்காரியின் காணியும்தானே?
நாலு குழியா ஒன்பது குழியா,
அவனைத்தான் கேட்கவேணும்.
கட்டின கையை அவன் அவிழ்ப்பதாயில்லை.

நேற்று நில அளவையாளர்
பூதக்கண்ணாடியை ஓட்டையின் விளிம்பில் வைத்தார்.
சின்னதாக ஒரு வளைவு இருக்கிறதாம்,
ஒன்பதின் வாலாக இருக்கலாம்,
மூக்குமயிராகவும் இருக்கலாம்.
எதிர்ப்பக்கத்து அப்புக்காத்து மயிர் என்கிறார்.
நான் வால் என்கிறேன்.
தவணை மாசி பதினாலு.